அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் பேச்சுப் போட்டிகள்: எந்தப் பிரிவில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி இது: "மகள் இந்த ஆகஸ்டில் ஒன்பதாம் வகுப்பில் சேருகிறாள். பள்ளியில் ஸ்பீச் அண்ட் டிபேட் குழு இருக்கிறது. டிபேட் என்ன என்று புரிகிறது. ஆனால் ஸ்பீச் பக்கம் ஓ.ஓ., டி.ஐ., எச்.ஐ., பி.ஓ.ஐ., எக்ஸ்டெம்ப் என்று வரிசையாக என்னென்னவோ இருக்கிறது. ஒவ்வொன்றிலும் என்ன செய்ய வேண்டும்? எதில் சேர்த்தால் நல்லது?"

பெற்றோர் நடுவராகப் பல சனிக்கிழமைகளைப் பள்ளி வகுப்பறைகளில் கழித்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் வீடுகளில் இந்தப் பட்டியலைப் பார்த்ததும் பாதியை அடித்துவிடுகிறார்கள். "சொந்தமாகப் பேசுவது சரி, நடிப்பெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். அப்படி அடிக்கப்படும் பாதிதான் பல பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தக்கூடியது. அதனால் அந்தப் பகுதிக்கு இங்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் அமைப்பு. நாடு முழுக்கப் பெரும்பாலான பள்ளிகள் பின்பற்றுவது தேசியப் பேச்சு மற்றும் விவாதச் சங்கத்தின் விதிகளை. எல்லோரும் என்.எஸ்.டி.ஏ. என்று சொல்வது அதைத்தான். விஸ்கான்சின் மாநிலத்தின் ரிப்பன் கல்லூரியில் 1925-இல் புரூனோ ஜேக்கப் தொடங்கியது. 2014 வரை அதன் பெயர் நேஷனல் ஃபொரென்சிக் லீக் (இங்கே ஃபொரென்சிக் என்றால் பேச்சும் விவாதமும், தடய அறிவியல் இல்லை). முதல் தேசியப் போட்டி 1931-இல் அதே ரிப்பனில் நடந்தது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் ஒவ்வோர் ஊரில் நடக்கிறது. இதைத் தவிர 1951-இல் தொடங்கிய கத்தோலிக்க லீக் ஒன்றும் உண்டு. பெயர்தான் அப்படி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் அதில் ஏராளமாகக் கலந்துகொள்கிறார்கள். அதன் தேசியப் போட்டி மே மாத இறுதியில் மெமோரியல் டே வார இறுதியில் வரும். இவற்றுக்கு மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அமைப்பு, தனிப் பட்டியல். அதனால் நான் சொல்லும் நிமிடக் கணக்கை உங்கள் மாநில விதியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை பிரிவுகளையும் புரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. இரண்டு கேள்விகள் கேளுங்கள். பிள்ளை யாருடைய சொற்களைப் பேசுகிறாள்? தயாரிக்க எவ்வளவு நேரம் கிடைக்கிறது? சொந்தச் சொற்களை மாதக்கணக்கில் எழுதித் திருத்திப் பேசுவது ஒரு வகை. சொந்தச் சொற்களை அரை மணி நேரத்தில் உருவாக்கிப் பேசுவது இன்னொரு வகை. வேறொருவர் எழுதியதை எடுத்துத் தன் குரலிலும் உடலிலும் உயிர்ப்பிப்பது மூன்றாவது.

முதல் வகையில் பெரியது ஒரிஜினல் ஓரட்டரி, சுருக்கமாக ஓ.ஓ. பத்து நிமிடம், முழுவதும் மனப்பாடம், சொந்த எழுத்து. பிறருடைய வரிகளை மேற்கோளாக 150 சொற்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. நம் ஊர்ப் பேச்சுப் போட்டிக்கு மிக நெருக்கமாகத் தெரிவது இதுதான், அதனாலேயே நம் பெற்றோர் முதலில் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் இங்கே தலைப்பு யாரும் தருவதில்லை. "சுற்றுச்சூழலைக் காப்போம்" என்று பொதுவாகப் பேசினால் ஆறாவது இடம்தான். நாம் ஏன் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிறோம், நன்றாக இருக்கிறேன் என்று ஏன் பொய் சொல்கிறோம், இப்படி அன்றாடத்தில் உள்ள ஒரு சின்னப் பழக்கத்தைப் பிடித்து, அது எங்கிருந்து வருகிறது, என்ன கெடுக்கிறது, என்ன செய்யலாம் என்று கொண்டுபோக வேண்டும். நடுவில் சிரிக்க வைக்க வேண்டும், ஓரிடத்தில் தன்னைத் திறந்து காட்ட வேண்டும். குரல் உயர்த்தி மேடைத் தொனியில் முழங்கினால் எடுபடாது, எதிரில் இருக்கும் ஒருவரோடு பேசுவது போல இருக்க வேண்டும்.

இப்போது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருக்கும் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன், மயாமியில் பள்ளி மாணவியாக இருந்தபோது கத்தோலிக்க லீகின் தேசியப் போட்டியில் ஓரட்டரியில் முதலிடம் பெற்றவர். ஹார்வர்டு வளாகத்தை அவர் முதலில் பார்த்ததே ஒரு பேச்சுப் போட்டிக்குப் போனபோதுதான் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஹார்வர்டு போட்டி இன்றும் பிப்ரவரியில் நடக்கிறது, உங்கள் மகளின் குழுவும் ஒருநாள் போகலாம்.

முதல் வகையில் அடுத்தது இன்ஃபர்மேட்டிவ், பிள்ளைகள் சொல்வது இன்ஃபோ. இதுவும் பத்து நிமிடம், சொந்த எழுத்து, மனப்பாடம். வேறுபாடு என்னவென்றால் இதில் யாரையும் ஒரு கருத்துக்கு இழுக்க வேண்டியதில்லை, ஒரு விஷயத்தைத் தெளிவாகவும் சுவையாகவும் விளக்கினால் போதும். படம் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தாங்கியில் வைத்துப் பயன்படுத்தலாம், கட்டாயம் இல்லை. அறிவியலில் ஆர்வமுள்ள, "இது உனக்குத் தெரியுமா" என்று வீட்டில் எல்லோரையும் பிடித்து நிறுத்தும் பிள்ளைக்கு இது நல்ல இடம். அட்டை செய்வதில் அப்பா அம்மா இறங்கிவிடாமல் இருப்பது முக்கியம். நடுவர்களுக்கு அது தெரிந்துவிடும்.

இரண்டாம் வகையில் அரசன் எக்ஸ்டெம்ப். ஒரு பொது அறையில் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். முறை வந்ததும் மூன்று கேள்விகளை எடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 30 நிமிடம் தயாரிப்பு, பிறகு 7 நிமிடப் பேச்சு. அமெரிக்க உள்நாட்டு விவகாரம் ஒரு பிரிவு, பன்னாட்டு விவகாரம் தனிப் பிரிவு. "மைய வங்கி இந்த ஆண்டு வட்டியைக் குறைக்க வேண்டுமா?", "இலங்கை தன் கடன் சுமையிலிருந்து மீள முடியுமா?" இந்த மாதிரிக் கேள்விகள் வரும். கேள்விக்கு நேராக ஒரு பதில், அதற்கு இரண்டு மூன்று காரணங்கள், ஒவ்வொன்றுக்கும் எந்த இதழ், எந்த நாள் என்று ஆதாரம். பெரும்பாலான பெரிய போட்டிகளில் கையில் குறிப்புச் சீட்டு இல்லாமல் பேசுவார்கள். முன்பெல்லாம் செய்தித்தாள் வெட்டுகளைக் கோப்பு போட்டுப் பெட்டி பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள், இப்போது மடிக்கணினி போதும்.

எக்ஸ்டெம்பைப் பற்றி ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு இது பேச்சுத் திறமை போலத் தெரியும், ஆனால் வாரம் முழுக்கச் செய்தி படிப்பவர்தான் இதில் ஜெயிப்பார். அந்த 30 நிமிடத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது, ஏற்கெனவே தெரிந்ததை அடுக்கத்தான் முடியும். செய்தியே பிடிக்காத பிள்ளையை, கல்லூரி விண்ணப்பத்துக்கு நன்றாக இருக்கும் என்று இதில் தள்ளினால், டிசம்பருக்குள் குழுவை விட்டே போய்விடுவாள். மாறாக, இரவுச் சாப்பாட்டின்போது தாத்தாவோடு அரசியல் பேசும் பிள்ளை என்றால் யோசிக்கவே வேண்டாம்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு உண்டு. இம்ப்ராம்ப்டு: ஒரு சொல்லோ பழமொழியோ பொருளோ தருவார்கள், தயாரிப்பும் பேச்சும் சேர்த்து 7 நிமிடம் என்பது வழக்கம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கமென்ட்டரி: 20 நிமிடத் தயாரிப்பு, மேசையின் முன் உட்கார்ந்து 5 நிமிடம் தொலைக்காட்சி விமர்சகர் போலப் பேச வேண்டும். இரண்டும் தேசியப் போட்டியில் துணைப் பிரிவுகள்.

இனி மூன்றாம் வகை. இதற்குப் பொதுப் பெயர் இன்டர்ப். நாவல், சிறுகதை, நாடகம், கவிதை, நினைவுக் குறிப்பு, எதுவானாலும் வெளியாகிய ஒரு படைப்பிலிருந்து பத்து நிமிடத்துக்கு வெட்டியெடுத்து நிகழ்த்துவது. அந்தப் பகுதியைப் பீஸ் என்பார்கள், வெட்டுவதைக் கட்டிங். உடை அலங்காரம் கிடையாது, கையில் பொருள் கிடையாது, பின்னணி இசை கிடையாது. எல்லோரும் கோட்டு சூட்டுதான். வெறும் வகுப்பறையில், வெள்ளைப் பலகையின் முன் நின்று, குரலும் முகமும் கையும் மட்டும் வைத்து ஒரு உலகத்தை உருவாக்க வேண்டும். எழுத்தாளர் எழுதாத வரியைச் சேர்க்கக் கூடாது, இணைப்புக்கு வேண்டிய ஓரிரு சொல் தவிர. இதை நடிப்பு என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நியாயமில்லை. 300 பக்க நாவலைப் பத்து நிமிடத்துக்குச் சுருக்க, எந்த வரி போனால் கதை விழும், எது போனாலும் நிற்கும் என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆங்கில வகுப்பில் இவ்வளவு நெருக்கமாக எந்தப் புத்தகத்தையும் அவள் படிக்க மாட்டாள்.

டி.ஐ. என்கிற டிரமாட்டிக் இன்டர்ப், கனமான கதைகளுக்கு. ஒரே ஆள், மனப்பாடம், பெரும்பாலும் ஒரு பாத்திரத்தின் அனுபவம். முதலில் ஒரு நிமிடம் போல ஒரு காட்சி, அதை டீசர் என்பார்கள். அப்புறம் தன் சொந்தக் குரலில் ஒரு சிறு அறிமுகம், பிறகு கதை. இங்கே ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். வென்றாக வேண்டும் என்ற வேகத்தில் சாவு, வன்முறை, நோய் என்று எது அதிகம் அழ வைக்குமோ அதைத் தேடிப் போகும் பழக்கம் இந்தப் பிரிவில் உண்டு. ஒரே காலையில் ஆறு அறைகளில் ஆறு துயரங்கள். என் கருத்தில், அழுகையை அடக்கிக்கொண்டு பேசும் பிள்ளைதான் அறையைப் பிடித்து வைக்கிறாள், கத்தி அழுபவள் இல்லை. உங்கள் மகள் டி.ஐ. எடுத்தால் அந்தக் கதை அவள் வயதுக்குத் தாங்கக்கூடியதா என்று கோச்சோடு நீங்களும் பேசுங்கள். ஆண்டு முழுக்க வாரா வாரம் அந்தத் துயரத்துக்குள் அவள் போய் வரவேண்டும்.

எச்.ஐ. என்கிற ஹியூமரஸ் இன்டர்ப், நகைச்சுவைக்கு. ஒரே பிள்ளை ஐந்து, பத்து, சில நேரம் இருபது பாத்திரங்களாக மாறுவாள். ஒரு நொடியில் குரல், நிற்கும் விதம், பார்வைக் கோணம் மூன்றும் மாற வேண்டும். இந்த மாற்றத்துக்குப் பெயர் பாப். பாத்திரம் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் நடுவருக்குக் கதையே புரியாது. வெளியிலிருந்து பார்த்தால் கோமாளித்தனம், உள்ளே போனால் இவ்வளவு உடல் ஒழுங்கு தேவைப்படும் பிரிவு வேறெதுவும் இல்லை. வீட்டில் பெரியப்பா, பக்கத்து வீட்டு மாமி என்று எல்லோரையும் போலப் பேசிக் காட்டும் குழந்தை இருக்கிறதே, அதற்காகவே உருவான இடம் இது.

டுவோ இருவர் சேர்ந்து செய்வது. இதன் விதி விசித்திரமானது. அறிமுகப் பகுதி தவிர, இருவரும் ஒருவரை ஒருவர் தொடக் கூடாது, பார்க்கவும் கூடாது. இருவரும் நேர் முன்னே பார்த்துக்கொண்டே, ஒருவர் தள்ள, இன்னொருவர் இரண்டடி தள்ளி நின்று விழ வேண்டும். ஒருவர் கோப்பையை நீட்ட, மற்றவர் தன் பக்கம் வெறுங்காற்றில் அதை வாங்க வேண்டும். நன்றாகச் செய்த டுவோவைப் பார்த்தால் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டது போலவே மனத்தில் பதியும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குத் தோழியோடு டுவோவில் தொடங்குவது நல்ல வழி. ஒரே சிக்கல், ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இருவருக்கும் அந்த வாரம் போட்டி இல்லை.

பி.ஓ.ஐ. எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகவும் பிடித்தது. புரோக்ராம் ஓரல் இன்டர்ப் என்பது முழுப் பெயர். உரைநடை, கவிதை, நாடகம் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு வகையிலிருந்து பல துண்டுகளை எடுத்து, ஒரே கருத்தைச் சுற்றிக் கோக்க வேண்டும். கையில் கறுப்புச் சிறு பைண்டர் கட்டாயம், அதற்குள் எழுத்துப் பிரதி இருக்கும். அந்தப் பைண்டரையே கதவாக, கண்ணாடியாக, ஸ்டியரிங்காகப் பயன்படுத்தலாம். உதாரணமாக "என் பெயரை யாரும் சரியாகச் சொல்வதில்லை" என்பது கருத்து என்றால், ஒரு கவிதையிலிருந்து நாலு வரி, ஒரு கட்டுரையிலிருந்து ஒரு பத்தி, ஒரு நாடகத்தின் உரையாடல், திரும்ப அந்தக் கவிதை என்று பின்னிப் பின்னிப் போகலாம். ஓரட்டரி போல ஒரு வாதமும் இருக்கும், இன்டர்ப் போலப் பாத்திரங்களும் இருக்கும்.

நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆங்கிலத்தில் நூலாக வந்திருக்கும் தமிழ்ச் சிறுகதைகள், ஈழத்துக் கவிதைகளின் மொழிபெயர்ப்புகள், புலம்பெயர்ந்தோர் எழுதியவை எல்லாம் இந்த அறைகளில் அதிகம் கேட்கப்படாதவை. நடுவர்கள் அதே பத்துப் பிரபலமான பீஸ்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் களைத்திருப்பார்கள், அங்கே புதிய குரல் தனியாக நிற்கும். நூலின் பிரதியும் பதிப்பு விவரமும் கையில் இருக்க வேண்டும், யாராவது கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். பாட்டி சொன்ன கதையைச் சொந்தமாக எழுதிக்கொண்டு போனால் அங்கே செல்லாது.

இவற்றைத் தவிரச் சில சிறிய பிரிவுகள். எழுத்துப் பிரதியைக் கையில் வைத்துப் படிக்கும் உரைநடை, கவிதைப் பிரிவுகள். ஐந்து நிமிடக் கதைசொல்லல். டெக்லமேஷன், அதாவது வேறொருவர் மேடையில் ஏற்கெனவே பேசிய உரையை மீண்டும் நிகழ்த்துவது. கத்தோலிக்க லீகில் டெக்லமேஷன் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், பல இடங்களில் புதியவர்களை இதில்தான் தொடங்க வைப்பார்கள். நல்ல பேச்சை மனப்பாடம் செய்து பேசிப் பார்த்தவளுக்கு அடுத்த ஆண்டு ஓரட்டரி எழுதுவது எளிதாகிவிடுகிறது, ஒரு வாக்கியம் எங்கே மூச்சு விடும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மாநிலங்களின் தனிப் பிரிவுகள் சுவையானவை. இல்லினாயில் வானொலிச் செய்தி வாசிப்பு ஒரு போட்டிப் பிரிவு. மினசோட்டாவில் புகழ்பெற்ற உரை ஒன்றை எடுத்து, அது ஏன் வேலை செய்தது என்று ஆராய்ந்து பேசும் பிரிவு இருக்கிறது. கலிபோர்னியாவில் ஒரு சட்டத்தை முன்மொழிந்து அதற்காக வாதாடும் ஒரிஜினல் அட்வகசி உண்டு, தானே எழுதிய கதை கவிதையை நிகழ்த்தும் பிரிவும் உண்டு. டெக்சஸில் 1910-இல் தொடங்கிய யூ.ஐ.எல். என்ற பள்ளிப் போட்டி அமைப்பு தனி ராஜ்ஜியம். அங்கே எக்ஸ்டெம்பே தகவல் தருவது, இணங்க வைப்பது என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். நீங்கள் எந்த மாநிலம் என்று சொல்லவில்லை, அதனால் இதற்கு மேல் போகவில்லை.

போட்டி நாள் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. சனிக்கிழமை விடியுமுன் பேருந்து. ஓர் அறையில் ஐந்து முதல் ஏழு பேர், ஒரு நடுவர். நடுவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தி, பேலட் எனப்படும் மதிப்பீட்டுத் தாளில் ஒவ்வொருவருக்கும் குறிப்பு எழுதுவார். பல ரவுண்டுகள் முடிந்ததும் இடங்களைக் கூட்டுவார்கள், கூட்டுத்தொகை குறைவாக இருப்பவர்கள் அரையிறுதிக்கோ இறுதிக்கோ போவார்கள். அதற்குப் பெயர் பிரேக் ஆவது. நேரத்துக்கு மேல் 30 நொடி சலுகை உண்டு. அதையும் தாண்டினால் என்.எஸ்.டி.ஏ. விதிப்படி அந்த அறையில் முதலிடம் தர முடியாது, எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும். ஒரே நிகழ்ச்சிக்கு ஒரு அறையில் முதலிடமும் அடுத்த அறையில் ஐந்தாம் இடமும் வருவது சகஜம். மாலையில் மகள் பேலட்டைப் பார்த்துக் கண் கலங்கினால், "எத்தனையாவது?" என்று கேட்காமல் "என்ன எழுதியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். அந்தக் குறிப்புகளில்தான் அடுத்த வார வேலை இருக்கிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதல் இரண்டு மாதம் எதிலும் பூட்ட வேண்டாம். பல பள்ளிகளில் நோவிஸ் போட்டிகள், அதாவது முதலாண்டுக்காரர்களுக்கு மட்டுமான சிறு போட்டிகள், இலையுதிர் காலத்தில் நடக்கும். ஒரு போட்டியில் இரண்டு பிரிவில் சேர அனுமதி இருந்தால், சொந்தச் சொல் ஒன்று, பிறர் சொல் ஒன்று என்று எடுக்கச் சொல்லுங்கள். எது அவளை இரவு பத்து மணிக்குக் குளியலறைக் கண்ணாடி முன் யாரும் சொல்லாமல் பயிற்சி செய்ய வைக்கிறதோ, அதுதான் பிரிவு. ஓப்ரா வின்ஃப்ரி நாஷ்வில்லில் பள்ளியின் பேச்சுக் குழுவில் இருந்தவர், ஒரு பேச்சுப் போட்டியில் வென்றுதான் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தின் முழு உதவித்தொகையைப் பெற்றார். அவர் அங்கே செய்தவற்றில் டிரமாட்டிக் இன்டர்ப்பும் ஒன்று. நடிப்புப் பக்கம் போனால் படிப்பு கெடும் என்று யாராவது உறவினர் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

ஓரட்டரி எடுத்தால், தயவுசெய்து நீங்கள் எழுதித் தராதீர்கள். சிறு வயதில் தமிழ்ச் சங்கப் போட்டிகளுக்கு எழுதித் தந்து மனப்பாடம் செய்வித்த பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, ஆறு வயதுக் குழந்தைக்கு அது சரி. இங்கே அது விதிமீறல், தவிர நாற்பத்தைந்து வயதுக்காரரின் வாக்கியம் பதினான்கு வயது வாயில் உட்காராது. நீங்கள் செய்யக்கூடியது, பத்தாவது முறை கேட்கும்போதும் முதல் முறை போலக் கேட்டு, எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று நேர்மையாகச் சொல்வது.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. எத்தனை பிள்ளைகளைப் பள்ளி அழைத்து வருகிறதோ, அதற்கேற்ப நடுவர்களையும் அழைத்து வர வேண்டும் என்பது பெரும்பாலான போட்டிகளின் விதி. நடுவர் இல்லையென்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைப்பார்கள். ஆங்கில உச்சரிப்பைப் பற்றித் தயங்கி நம்மில் பலர் கை தூக்குவதில்லை. தயக்கமே வேண்டாம், நடுவர் பேச வேண்டியதில்லை, கேட்டுவிட்டு எழுதினால் போதும். என்.எஸ்.டி.ஏ. தளத்தில் நடுவர்களுக்கு இலவச இணையப் பயிற்சி இருக்கிறது, ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். உங்கள் மகள் இருக்கும் பிரிவில் உங்களைப் போட மாட்டார்கள், அதனால் இன்டர்ப் கேளுங்கள். காலையில் இரண்டு ரவுண்டு எச்.ஐ., மதியம் ஒரு பி.ஓ.ஐ. பார்த்துவிட்டு வந்தால், மேலே நான் சொன்னவற்றில் எது உங்கள் மகளுக்கு என்று எனக்கு எழுதிக் கேட்க வேண்டிய தேவையே இருக்காது.